உன் மூச்சோடு ஒப்பிடாதே

ரங்கூன், பசுண்டாங் முனிசிபல் லைன்
1925 நவம்பர் 28

அன்புள்ள அக்காள் சொர்ணம்மாளுக்குத் தங்கை சுப்பம்மாள் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் இன்னும் உன்னை மாடிக்கும் கீழுக்கும் ஓட விடுகிறார்களா என்று எழுது.

தங்கமணியின் அப்பாவை மாவ்பிப் பக்கம் தண்ணீர்க் குழாய் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மாசத்துக்கு ஒரு தரம்தான் வருகிறார். அவருடைய அண்ணன், என் மூத்தார் அய்யாசாமியும் ஓரகத்தி வேலம்மாவும் முன்னறையில். நானும் பிள்ளையும் பின்னறையில். பின்னறைக்குக் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு, வாசல் கிடையாது. எங்கே போவதென்றாலும் மூத்தார் முன்னறையில் வைத்திருக்கிற ஆத்தா கலசத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊரிலிருந்து கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கலசம். லைன் வீடுகள் முழுக்க அவரைப் பூசாரி என்றுதான் கூப்பிடுகிறது.

தங்கமணிக்கு இரண்டரை வயசு முடிந்தது. வாய் ஓய்வதில்லை. பின் சந்துக்கு எதிர் வீட்டில் நூருன்னிசா என்று ஒருத்தி, அப்பா காயல்பட்டணம், அம்மா பர்மாக்காரி. ஜன்னல் வழியாகவே இவளுக்குப் பர்மியப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். இவள் அதை மூத்தார் பூஜை பண்ணும்போது பாடுகிறாள். அவர் கோபிப்பதில்லை. "ஆத்தாவுக்கு எல்லாப் பாஷையும் தெரியும்" என்று சிரிக்கிறார். பிள்ளை இல்லாத மனுஷர், இவள் என்றால் உயிர்.

பனி தொடங்கினதிலிருந்து இவளுக்குச் சளி. நெஞ்சு கர்கர் என்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எனக்குத் தெரியவில்லை. தினம் நூறு பிள்ளைகளைப் பார்க்கிறவள் நீ. விவரமாக எழுது.

சுப்பம்மாள்


தஞ்சாவூர், மிஷன் ஆஸ்பத்திரி ஆயாக்கள் விடுதி
1925 டிசம்பர் 8

தங்கை சுப்பம்மாளுக்கு அக்காள் ஆசீர்வாதம். என் முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, அதை விடு. உனக்கு வருகிற கடிதத்தை எல்லாம் உன் மூத்தார் முதலில் படிப்பார் என்று தெரியும். ஆகையால் அவருக்கும் இதிலேயே என் தெண்டன். அவரும் கேட்டுக்கொள்ளட்டும்.

அடியே, பிள்ளையின் மூச்சைக் காதால் மட்டும் கேட்டுவிட்டுக் கலங்காதே, கண்ணால் பார். சட்டையைக் கழற்று. கழுத்துக்குக் கீழே, இரண்டு காறை எலும்பும் சேருகிற இடத்தில் ஒரு குழி இருக்கிறதல்லவா? மூச்சு இழுக்கும்போது அது உள்ளே போகிறதா? விலாவுக்குக் கீழே பள்ளம் விழுகிறதா? மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்குகிறதா? இதெல்லாம் இல்லாமல் சளி மட்டும் சத்தம் போட்டால், பிள்ளை விளையாடுகிறாள், குடிக்கிறாள் என்றால், நீ நிம்மதியாகச் சோறு ஆக்கு. குழி விழுந்தால், குடிக்க முடியாமல் போனால், உதடு கறுத்தால், அப்புறம் கஷாயம் தைலம் என்று உட்காராதே. நிமிர்த்தி வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. படுக்கப் போடாதே. அழ விடாதே, அழுதால் இன்னும் இறுகும். சாம்பிராணிப் புகை கூடவே கூடாது.

மூச்சை எண்ணவும் தெரியவேண்டும். டாக்டரம்மா கடிகாரம் வைத்து எண்ணுவார்கள். உன் பிள்ளை வயசுக்கு நிமிஷத்துக்கு நாற்பதைத் தாண்டினால் அவர்கள் முகம் மாறிவிடும். உன்னிடம் கடிகாரம் இல்லை. அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பிள்ளை அசங்காமல் இருக்கும்போது உன் மூச்சோடு ஒப்பிடு. நீ ஒன்று விடுவதற்குள் அவள் இரண்டு விட்டால் சரி, மூன்று விட்டால் ஆபத்து. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதது நல்லதுதான். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

சொர்ணம்மாள்


ரங்கூன்
1925 டிசம்பர் 20

அக்காளுக்குத் தெண்டன். இங்கே சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுது.

நீ சொன்னபடி சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். குழியும் இல்லை, பள்ளமும் இல்லை. என் மூச்சோடு ஒப்பிட்டேன், ஒன்றுக்கு இரண்டு. சளியும் போய்விட்டது. இப்போது லைனில் யார் பிள்ளை இருமினாலும் என்னிடம் தூக்கி வருகிறார்கள். நான் ஒரு சின்ன டாக்டரம்மாதான் போ. மூத்தார்கூட வேலம்மாவிடம், "உன் ஓரகத்தி பீஸ் வாங்க ஆரம்பிச்சிட்டாளா?" என்று கேட்டாராம். எனக்குக் கல்யாணமாகி அஞ்சு வருஷம், அவரோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேலிகூட வேலம்மா மூலமாகத்தான் வருகிறது.

தங்கமணி சிரித்தால் இடது கன்னத்தில் நம் சொக்கனுக்கு விழுந்த மாதிரியே குழி விழுகிறது. எழுதலாமா கூடாதா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். உன் பிள்ளையை ஆத்தா எடுத்துக்கொண்டு பதினாலு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் இப்போது பதினெட்டு.

சுப்பம்மாள்


ரங்கூன்
1926 ஜனவரி 11

அக்காளுக்கு,

வேலம்மா அக்கா நாலு நாளாகப் படுத்திருக்கிறாள். மூத்தார் எங்கேயோ அலைந்து வேப்பிலை கொண்டுவந்தார். இந்த ஊரில் அது சுலபத்தில் கிடைக்காது. வாசலில் கட்டியாயிற்று. வீடு குளிர்ச்சியாக இருக்கிறது.

இனி கொஞ்ச நாளைக்கு இங்கிருந்து கடிதம் வராது. வருகிற கடிதமும் உடனே பிரிக்கப்படாது. தங்கமணியின் அப்பாவையும் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தங்கமணி என்னோடு பின்னறையில் இருக்கிறாள். பாடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சுப்பம்மாள்


தஞ்சாவூர்
1926 ஜனவரி 19

தங்கை சுப்பம்மாளுக்கு ஆசீர்வாதம். நீ சுகம் என்று எழுதவில்லை. என் சுகத்தையும் கேட்கவில்லை. இத்தனை வருஷக் கடிதத்தில் இது முதல் தடவை. வேப்பிலை எதற்கு என்று நீ எனக்குச் சொல்லவேண்டாம். நானும் ஒரு காலத்தில் வாசலில் வேப்பிலை கட்டி உள்ளே இருந்தவள்தான்.

அய்யாசாமி அவர்களே, இதை நீங்கள் பிரித்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பெரியவளுக்கு வந்தது பத்துப் பன்னிரண்டு நாளில் சின்னவளுக்கு வரும். வரட்டும். அம்மைக்கு மருந்து கிடையாது என்கிறீர்களா, நான் சண்டைக்கு வரவில்லை. மூன்று தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் வாசல் தாண்டக்கூடாது என்கிறீர்களா, அதற்கும் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் முத்து இறங்குகிற சமயத்தில் சில பிள்ளைகளுக்குத் தொண்டை உள்ளே வீங்கும். குரல் கம்மும். நாய் குரைக்கிற மாதிரி இருமல் வரும். மூச்சு இழுக்கும்போது கொக்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அது ஆத்தாவின் மூச்சு இல்லை. ஆத்தா பிள்ளைக்குள் பேசுகிறாள் என்று சொல்லி விசிறிக்கொண்டு உட்காராதீர்கள். அது கேட்டால் வாசலாவது, தண்ணீராவது! தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

சுப்பு, உன்னால் முடியாவிட்டால் அந்த நூருன்னிசாவை ஜன்னல் வழியாகக் கூப்பிடு.

சொர்ணம்மாள்


தஞ்சாவூர்
1926 ஜனவரி 24

சுப்பு, ஆசீர்வாதம். பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஒரு தப்பு செய்துவிட்டேன்.

இன்று காலையில் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா பிள்ளையின் மூச்சை எண்ணும்போது நான் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் மூச்சு வாங்கியது. பிள்ளைக்கு ஐம்பத்தைந்து. ஆனால் நான் உனக்குச் சொல்லித் தந்தபடி அந்தத் தாயின் மூச்சோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கு இரண்டுகூடத் தேறாது. என் கணக்கு பயப்படாதவளுக்குத்தான் சரியாக வரும். பயப்படாதவள் எதற்கு எண்ணப்போகிறாள்?

உன் மூச்சோடு ஒப்பிடாதே. எண்ணவே வேண்டாம். குழியைப் பார், சத்தத்தைக் கேள், அவ்வளவுதான்.

தந்தி கொடுக்கலாமென்று தபாலாபீஸ் வரைக்கும் போனேன். அம்மை வீட்டுக்குத் தந்தி போனால் விஷயம் வெளியே தெரிந்து, முனிசிபல் ஆட்கள் வந்து பெரியம்மை என்று பிள்ளையைத் தனிக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்று பயந்து திரும்பிவிட்டேன். அப்புறம், அது நடந்தாலும் தேவலையே என்று மறுபடி போனேன். ஆபீஸை மூடிவிட்டான். பாவி, ஒரு கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்னத்தைச் செய்வேன்!

சொர்ணம்மாள்


ரங்கூன்
குரோதன வருஷம் தை மாதம் 25 (1926 பிப்ரவரி 7)

தஞ்சாவூர் சம்பந்தி சொர்ணம்மாள் அவர்களுக்கு ரங்கூன் அய்யாசாமி எழுதிக்கொண்டது. ஆத்தா கிருபையால் என் சம்சாரம் எழுந்து நடமாடுகிறாள்.

தை 13ஆம் தேதி ஆத்தா குழந்தை தங்கமணிமேல் இறங்கினாள். முறைப்படி எல்லாம் செய்தேன். முதல் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் தண்ணீருக்கு நாள் பார்த்திருக்கையில், 22ஆம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் உங்கள் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலசத்தைத் தாண்டி வெளியே போய்விட்டாள். நான் சொல்லியும் நிற்கவில்லை. ஆள் இழுக்கிற லஞ்சா வண்டியில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், அங்கே வெள்ளைக்கார டாக்டர் குழந்தையின் கழுத்தை அறுத்ததாகவும் லைனில் பேசிக்கொள்கிறார்கள். ஆத்தா குடியிருந்த கழுத்து அது.

வீட்டை விட்டுப் போனவள் இனி இந்த வாசல் ஏற முடியாது. அவள் பேருக்கு வந்த தங்கள் கடிதம் இரண்டும் கலசத்தடியில் வைத்தது வைத்தபடி இருந்தன. பிரிக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குழந்தை இருக்கிறதா என்று தங்களுக்குத் தகவல் வந்தால் ஒரு வரி எழுதவும்.

அய்யாசாமி


தஞ்சாவூர்
1926 பிப்ரவரி 15

சம்பந்தி அய்யாசாமி அவர்களுக்கு,

மஞ்சள் கறையோடு என் கடிதம் இரண்டும் வந்து சேர்ந்தன. சுகம் விசாரிக்க எனக்கு இப்போது வாய் வரவில்லை, மன்னிக்கவேண்டும்.

பிள்ளை இருக்கிறாளா என்று என்னைக் கேட்கிறீர்கள். நான் ஒரு கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். நீங்கள் ரங்கூனிலேயே இருக்கிறீர்கள். பசுண்டாங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்? நடந்தே போகலாமே. அந்தப் பிள்ளை உங்கள் பூஜையில் பர்மியப் பாட்டுப் பாடினதைச் சிரித்துக்கொண்டே கேட்டவர் நீங்கள்தானே? ஆத்தா பேரைச் சொல்லி உங்கள் காலை நீங்களே கட்டிப்போட்டுக்கொண்டால் நான் என்ன செய்யட்டும்?

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. அது வேறு கதை. போய்ப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

சொர்ணம்மாள்


ரங்கூன், பெரிய ஆஸ்பத்திரி
1926 பிப்ரவரி 26

அக்காளுக்குத் தெண்டன். தங்கமணி இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

மூன்று வாரமாக எழுதாததற்குத் திட்டாதே. எழுதி அனுப்பிவிட்டு, அது உன் கைக்கு வருவதற்குள் இங்கே வேறு மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

தங்கமணிக்கு முத்து இறங்கிக்கொண்டிருந்தது. புதன்கிழமை குரல் கம்மியது. வியாழக்கிழமை விடிந்ததும் மூச்சு ஒரு தினுசாக இழுத்தது. மேலைத் திறந்து பார்க்கக்கூடாது, வேப்பிலையும் வேட்டித் துணியும் சுற்றியிருந்தது. ஆகையால் நீ சொன்னபடி என் மூச்சோடு ஒப்பிட்டேன். ஒன்றுக்கு இரண்டு. சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப எண்ணினேன், இரண்டுதான். மத்தியானம் வரைக்கும் அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் இரண்டும் கலசத்தடியில் இருந்தன. உன் கையெழுத்து என் பாயிலிருந்தே தெரிந்தது. பத்தடிகூட இருக்காது.

நூருன்னிசா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி சுப்பு, ஓடி வந்தவ மாதிரி உனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணியை அவிழ்த்தேன். கழுத்துக் குழி விரல் நுழைகிற அளவுக்கு உள்ளே போய் வந்தது. உடனே இருமினாள். அந்தச் சத்தம்.

அக்கா, அதை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். எனக்குப் பதினோரு வயசு. அம்மா உன் வீட்டுக்குப் பால் கொடுத்து அனுப்பினாள். வாசலில் வேப்பிலை. உள்ளே சொக்கன் குரைக்கிற மாதிரி இருமிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. நான் கேட்டதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள். அது நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. இவளுக்கு நிற்கிறதற்கு முன்னால் எழுந்துவிட்டேன்.

மூத்தார் குறுக்கே நின்றார். அஞ்சு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "வழி விடுங்க மாமா. பிள்ளைக்கு மூச்சு போகல."

"தாண்டினா திரும்பி வராத தாயி. நான் சொல்லல, ஆத்தா சொல்றா" என்றார்.

வேலம்மா அக்காதான் வாசற்படியில் இருந்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தை என் கால் படாமல் நகர்த்தி வைத்தாள். நான் தாண்டிவிட்டேன். நூருன்னிசா லஞ்சாக்காரனைப் பிடித்து வைத்திருந்தாள். மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் பிள்ளை அழாமல் இருக்க நூருன்னிசாதான் அந்தப் பர்மியப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது உதடு நீலம். டாக்டர் கேள்வியே கேட்கவில்லை. கழுத்தில் சின்னதாகக் கீறி ஒரு வெள்ளிக் குழாய் வைத்தார். புஸ் என்று மூச்சு அது வழியாக வந்தது. முகம் சிவந்தது. தங்கமணியின் அப்பா மறுநாள் வந்தார். "ஊருக்கெல்லாம் நான் குழாய் போடறேன், எம்மவளுக்குத் துரை போட்டிருக்காரு" என்று சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்கிறார். முதலில் பிள்ளை முகத்தில் முழியுங்கள் என்றேன். இனி எங்கே இருப்போம் என்று தெரியவில்லை. இப்போதைக்கு நூருன்னிசா வீட்டு முன்பக்கம்.

குழாய் இருக்கிற வரைக்கும் குரல் வராது. அழுதால்கூடக் கண்ணீர் மட்டும்தான் வருகிறது, சத்தம் இல்லை. போன வாரம் ஒரு தரம் எடுத்துப் பார்த்தார்கள். திணறினாள், மறுபடி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை இன்னொரு தரம் எடுப்பார்களாம்.

மூன்று நாளாக மூத்தார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறார். கையில் உன் கடிதம். உள்ளே வருவதில்லை. நேற்று இவளைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் காட்டினேன். இவள் கையை ஆட்டினாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சுப்பம்மாள்


தஞ்சாவூர்
1926 மார்ச் 6

என் கண்ணே சுப்பு, அக்காள் ஆயிரம் ஆசீர்வாதம். உன் கடிதத்தை டாக்டரம்மாவிடமே படித்துக் காட்டினேன். என் மூச்சுக் கணக்கையும் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். வாங்கவேண்டியதுதான். அரை நாள் உன் பிள்ளையை என் கெட்டிக்காரத்தனம் பிடித்து வைத்திருந்தது.

நீ ஒன்று எழுதவில்லை. எனக்காக விட்டுவிட்டாய். அன்றைக்கு நீ வெறுமனே வெளியே நிற்கவில்லை. கதவைத் தட்டினாய். "அக்கா, கதவைத் திற, சொக்கனுக்கு என்னமோ பண்ணுது, நான் வைத்தியரைக் கூட்டியாரேன்" என்று கத்தினாய். உள்ளேயிருந்து "தீட்டாயிடும், போடி" என்று சொன்னது நான். மாமியாரும் இல்லை, பூசாரியும் இல்லை. தாழ்ப்பாள் என் கையில் இருந்தது. சொக்கனை ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று பதினாலு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆத்தாமேல் பழி போட்டுவிட்டு இந்த ஆஸ்பத்திரியில் ஊரார் பிள்ளைகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் மூத்தாரை உள்ளே போகச் சொல். வாசலிலேயே நின்றுவிட்டால் அப்புறம் எந்த வருஷத்திலும் உள்ளே போக முடியாது. எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையையும் வேலம்மாவையும் அந்த நூருன்னிசாவையும் நான் விசாரித்ததாகச் சொல். குழாயை எடுத்து, தங்கமணிக்குக் குரல் வந்ததும், முதலில் என்ன பேசினாள், எப்படிப் பேசினாள், ஒரு கார்டில் எழுதிப் போடு. ஒன்றும் விடாமல் எழுது. சொக்கன் பேச்சு எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துவிட்டது சுப்பு. அந்த இருமல் மட்டும்தான் காதில் இருக்கிறது.

சொர்ணம்மாள்